சில்லைத் திருப்பிப் பாருங்கள்: கப்பல் தொட்டிப் பூச்சு பற்றிய வாசகர் கேள்விகள்

பேலஸ்ட் தொட்டிகளில், அதாவது கப்பலின் சமநிலைக்காகக் கடல்நீர் நிரப்பும் தொட்டிகளில், துரு எங்கே தொடங்குகிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சந்தேகத்தைச் சுற்றியே இருந்தன. பேலஸ்ட் நீரைச் சுத்திகரிக்கும் கருவிகள் கப்பலில் ஏறிய பிறகு தொட்டிக்குள் இருக்கும் பூச்சு வேகமாகக் கெடுகிறதா என்பதுதான் அது. பூச்சு ஆய்வாளனாகத் தொட்டிகளுக்குள் டார்ச் விளக்கோடு தவழ்வதையே தொழிலாகக் கொண்டவன் என்பதால், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

பேலஸ்ட் நீரைச் சுத்திகரிக்க வேண்டும் என்ற விதிக்கும், தொட்டிக்குள் பூசும் வர்ணத்துக்கும் என்ன தொடர்பு? எங்கள் பாடத்தில் இரண்டும் வெவ்வேறு தாள்களில் வருகின்றன.
— கடல்சார் பொறியியல் மாணவி

பாடத்தில் மட்டுமல்ல, விதிகள் பிறந்த இடத்திலும் இரண்டும் தனித்தனியாகத்தான் இருந்தன. உங்கள் கேள்வியின் அருமை அதில்தான் இருக்கிறது.

சரக்கு இல்லாத கப்பல் மிக உயர்ந்து மிதக்கும், நிலை தடுமாறும், உந்துசுழலி சரியாக அமிழாது. அதனால் அடித்தளத்திலும் பக்கவாட்டிலும் உள்ள தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு புறப்படுகிறது. சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அந்த நீரை வெளியேற்றுகிறது. அந்த நீரோடு ஒரு கடலின் லார்வாக்களும் பாசிகளும் நுண்ணுயிர்களும் இன்னொரு கடலில் இறங்குகின்றன. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையைச் சேர்ந்த ஒரு சீப்பு ஜெல்லி 1980களில் இப்படிக் கருங்கடலுக்குள் வந்து பெருகியது. அங்கே நெத்திலி மீன்பிடிப்பே சரிந்தது. வரிக்குதிரைச் சிப்பி வட அமெரிக்கப் பேரேரிகளுக்குள் வந்து தண்ணீர்க் குழாய்களை அடைத்ததும் அதே பத்தாண்டில்தான்.

இதைத் தடுக்க ஐ.எம்.ஓ. எனப்படும் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2004 பிப்ரவரியில் பேலஸ்ட் நீர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வர 2017 செப்டம்பர் 8 ஆயிற்று. தொடக்கத்தில் நடுக்கடலில் நீரை மாற்றிக்கொண்டாலே போதும் என்று இருந்தது. பிறகு வந்தது டி-2 அளவுகோல். வெளியேற்றும் நீரில் 50 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள உயிருள்ள உயிரினங்கள் ஒரு கனமீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். 10 முதல் 50 மைக்ரான் வரை உள்ளவை ஒரு மில்லிலிட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். காலரா கிருமி, ஈ.கோலை, குடல் என்டரோகாக்கை ஆகியவற்றுக்கும் தனி வரம்புகள் உண்டு. உடன்படிக்கைக்கு உட்பட்ட கப்பல்கள் 2024 செப்டம்பர் 8-க்குள் இந்த அளவுகோலுக்கு வந்தாக வேண்டியிருந்தது. வெறும் நீர் மாற்றத்தால் இதை எட்ட முடியாது. வடிகட்டி, புறஊதா ஒளி, குளோரின், ஓசோன், ஆக்சிஜன் நீக்கம் என்று ஏதோ ஒரு கருவி வேண்டும்.

இது சுற்றுச்சூழல் குழு எழுதிய கதை. அதே ஐ.எம்.ஓ.வில் பாதுகாப்புக் குழு 2006 டிசம்பரில் இன்னொரு தீர்மானத்தை எழுதியது. எம்.எஸ்.சி.215(82) என்பது அதன் எண். கடல்நீர் பேலஸ்ட் தொட்டிகளின் பூச்சு 15 ஆண்டுகள் 'நல்ல' நிலையில் இருப்பதை இலக்காகக் கொள்ள வேண்டும் என்றது அது. எபாக்சிப் பூச்சு (இரண்டு கூறுகளைக் கலந்து இறுகவிடும் பிசின் வகை) உலர்ந்த பின் 320 மைக்ரான் கனம் வேண்டும், வெளிர் நிறம் வேண்டும், பூசும் முன் எஃகின் மேல் கரையும் உப்பு ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று மிக நுணுக்கமாகப் போகிறது. அந்தத் தீர்மானத்தின்படி ஒரு வர்ணத்துக்கு ஒப்புதல் தருவதற்கான முக்கியச் சோதனை எப்படி நடக்கிறது தெரியுமா? பூச்சு பூசிய தகடுகளை ஓர் அலைத்தொட்டியில் வைத்து, இரண்டு வாரம் சுமார் 35 டிகிரிக் கடல்நீர், ஒரு வாரம் காலி என்று மாற்றி மாற்றி 180 நாட்கள் நடத்துகிறார்கள். அந்தக் கடல்நீர் வெறும் கடல்நீர். குளோரினோ ஓசோனோ பெராசெட்டிக் அமிலமோ அதில் இல்லை.

ஆக, நீருக்கு ஒரு விதி, எஃகின் மேலுள்ள தோலுக்கு ஒரு விதி. இரண்டும் சந்திக்கும் இடம் தொட்டியின் சுவர். வேதிப்பொருளைப் பயன்படுத்தும் கருவிகளுக்கு ஒப்புதல் கேட்கும்போது, அரிப்பு உள்பட கப்பலின் பாதுகாப்புக்கு அதனால் என்ன நேரும் என்று காட்ட வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது. அது நல்ல பாலம். ஆனால் ஆய்வகத்தில் சோதிப்பது செம்மையாகப் பூசிய புதுத் தகட்டை. கப்பலில் இருப்பது பத்து வயதான, வெட்டியும் ஒட்டியும் திருத்திய பூச்சு. இந்த இடைவெளியைப் பற்றித்தான் மற்றக் கடிதங்கள் எல்லாம் பேசுகின்றன.

எங்கள் எண்ணெய்க் கப்பலில் கடல்நீரில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரின் உண்டாக்கும் கருவியைப் பொருத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இப்போது தொட்டிகளில் கப்பலின் எலும்பு போன்ற எஃகுச் சட்டங்களின் ஓரங்களில் துரு, உள்மூலைகளில் வெடிப்பு, சில இடங்களில் கொப்புளம். அலுவலகத்தில் கருவிதான் காரணம் என்கிறார்கள். கருவி தந்தவர்கள் பூச்சு மோசம் என்கிறார்கள். யார் சொல்வது சரி?
— சீஃப் ஆபீசர்

ஐயா, நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள். மூன்றுக்கும் ஒரே காரணத்தைத் தேடுவதுதான் அலுவலகமும் கருவிக்காரர்களும் சேர்ந்து செய்யும் தவறு.

முதலில் உள்மூலை வெடிப்பு. இரண்டு தகடுகள் சேரும் மூலையில் தூரிகையால் தனியாகப் பட்டையாகப் போடும் ஸ்ட்ரைப் கோட்டும், மேலே தெளிக்கும் கோட்டும் தேங்கி, கனம் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு ஏறிவிடும். கனமான எபாக்சி இறுகும்போது சுருங்கும். வயதாக ஆக இன்னும் இறுகும். கப்பல் அலையில் வளையும்போது அந்த மூலைதான் முதலில் விரிசல் விடும். வெடித்த இடத்துக்கு அருகில் கனம் அளந்து பாருங்கள். எண் மிக அதிகமாக இருந்தால், அந்த வெடிப்பு கப்பல் கட்டிய அன்றே விதைக்கப்பட்டது. குளோரினுக்கு அதில் பங்கில்லை.

அடுத்து கொப்புளம். ஒன்றைக் கத்தி முனையால் கவனமாகத் திறந்து, உள்ளே நீர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பி.எச். தாளை அதில் தொடுங்கள். காரத்தன்மை வலுவாகக் காட்டினால், பக்கத்தில் துத்தநாக அனோட், அதாவது எஃகுக்குப் பதிலாகத் தானே கரையும்படி பொருத்திய துத்தநாகக் கட்டி, இருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள். அனோட் எஃகைக் காக்கும்போது பூச்சின் அடியில் காரம் உருவாகும், பலவீனமான ஒட்டுதலை அது பிரித்துவிடும். நீர் நடுநிலையாகவும் உப்பாகவும் இருந்தால், பூசும் முன் எஃகில் தங்கிய உப்புதான் பூச்சு வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்திருக்கிறது. இதுவும் பழைய பாக்கி.

பூச்சு செதிலாக உரிந்தால் அந்தச் சில்லைத் திருப்பிப் பாருங்கள். என்னோடு தொட்டிக்குள் வந்த இளைஞர்கள் எல்லோரிடமும் நான் சொல்வது இதைத்தான். பின்பக்கம் துரு ஒட்டியிருந்தால் எஃகுக்கும் முதல் கோட்டுக்கும் இடையில் கோளாறு. பின்பக்கம் சுத்தமாகவும் பளபளப்பாகவும் இருந்து, அடியில் இன்னொரு கோட் அப்படியே இருந்தால் இரண்டு கோட்டுக்கும் இடையில் கோளாறு. அதாவது அடுத்த கோட் போட வேண்டிய கால அவகாசம் தவறியிருக்கும், அல்லது இடையில் ஈரமோ தூசியோ படிந்திருக்கும். சில்லின் முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பும் அறிக்கைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். சாட்சி கையில் இருக்கும்போதே அதைக் கேட்காமல் விட்டதற்குச் சமம் அது.

இப்போது ஓரத் துரு. இங்கேதான் உங்கள் கருவிக்கு ஒரு பங்கு இருக்கலாம். அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கடல்நீரில் குளோரின் உருவானதும், அதிலுள்ள புரோமைடோடு சில விநாடிகளில் வினைபுரிந்து பெரும்பாலும் ஹைப்போபுரோமஸ் அமிலமாக மாறிவிடும். எஞ்சியிருக்கும் ஆக்சிஜனேற்றிகள் எல்லாவற்றையும் சேர்த்து டி.ஆர்.ஓ. என்ற ஒரே எண்ணாகக் கருவி காட்டுகிறது. ஒப்புதல் பெற்ற பல கருவிகளில் உள்ளே போகும் நீரில் இது லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்கும். நன்றாக இறுகிய எபாக்சிப் பூச்சு இந்த அளவைத் தாங்கும். மேற்பரப்பில் நிறம் மங்கலாம், சற்று மாவுபோல் ஆகலாம். 320 மைக்ரானில் அது பெரிய இழப்பு அல்ல.

ஆனால் வெறும் எஃகின் கதை வேறு. இரும்பு கரையும்போது விடும் எலக்ட்ரான்களை யாராவது வாங்கிக்கொண்டால்தான் துரு தொடரும். சாதாரணக் கடல்நீரில் கரைந்த ஆக்சிஜன் அந்த வேலையைச் செய்கிறது. குளோரின் நீரில் ஆக்சிஜனேற்றியும் வரிசையில் சேர்ந்துகொள்கிறது. கணக்குப் போட்டால், 10 மில்லிகிராம் குளோரின் வாங்கக்கூடிய எலக்ட்ரான்கள், அதே நீரில் கரைந்திருக்கும் 7 மில்லிகிராம் ஆக்சிஜன் வாங்குவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதிலும் பெரும்பகுதி நீரிலுள்ள கரிமப் பொருளோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். எனவே தொட்டி முழுவதும் துரு பாய்ந்துவிடும் என்ற பயம் மிகை. அதேசமயம் ஆக்சிஜனைவிட அது வேகமாக வினைபுரியும் என்பதால், தண்ணீர் புதிதாக உள்ளே வரும் நேரத்தில் பூச்சு இல்லாத இடங்களை அது விரைவாகத் தின்னும். பூச்சு இல்லாத இடம் எது? கூர்மையான ஓரங்களும் வெல்டிங் தழும்புகளும்தான். ஈர வர்ணம் கூர்மையிலிருந்து விலகிச் சுருங்குவதால் அங்கே பூச்சு மெலிந்துவிடும். ஓரத்தை 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டு, அல்லது மூன்று முறை கிரைண்டிங் செய் என்று தீர்மானம் சொன்னது இதற்காகத்தான். உங்கள் கப்பல் கட்டுமிடத்தில் அதை ஒழுங்காகச் செய்திருந்தால், இந்தக் கடிதத்தையே நீங்கள் எழுதியிருக்க மாட்டீர்கள் என்பது என் எண்ணம்.

என் தீர்ப்பு இது. நோய் பூச்சினுடையது. ஓரத்தில் மட்டும் அதை வேகப்படுத்தியதில் நீருக்குப் பங்கு இருக்கலாம். நிரூபிக்க ஒரு வழி இருக்கிறது. நீர் உள்ளே வரும் குழாய் வாயைச் சுற்றியுள்ள ஓரங்களையும், அதே தொட்டியின் தொலைவான மூலையில் உள்ள ஓரங்களையும் ஒப்பிடுங்கள். ஆக்சிஜனேற்றி மிகுதியாக இருப்பது வாயருகில். இரண்டு இடத்திலும் துரு ஒரே அளவு என்றால் கருவியை விட்டுவிடுங்கள். வாயருகில் மட்டும் கடுமை என்றால் கருவிக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். அப்போது துத்தநாக அனோட்கள் முன்பைவிட எவ்வளவு விரைவாகக் கரைந்திருக்கின்றன என்ற பதிவும் கையில் இருக்கட்டும்.

புறஊதாக் கருவி என்றால் பூச்சுக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை, அப்படித்தானே?
— வர்ண ஒப்பந்ததாரர்

தொட்டிப் பூச்சைப் பொறுத்தவரை ஏறக்குறைய அப்படித்தான். ஒளி குழாயிலேயே வேலையை முடித்துவிடும், தொட்டிக்குள் எதையும் விட்டுச்செல்லாது. வடிகட்டி சேற்றைத் தடுப்பதால், தொட்டி அடியில் படிவும் அதன் அடியில் வாழும் அரிப்பு நுண்ணுயிர்களும் குறையும். அது பூச்சுக்கு நன்மை.

ஒளி அறையை ஒட்டிய குழாய்களின் உட்பூச்சை மட்டும் பாருங்கள். எபாக்சிக்குப் புறஊதா ஒளி ஆகாது.

ஆக்சிஜனை நீக்கும் கருவி துருவையே நிறுத்திவிடும் என்று ஒரு விற்பனையாளர் எங்களிடம் சொன்னார். ஆக்சிஜன் இல்லாவிட்டால் துரு ஏது?
— சிறு கப்பல் நிறுவனத்தில் பணிபுரிபவர்

கொள்கை அளவில் அவர் சொன்னது சரி. நீருக்குள் நைட்ரஜன் போன்ற மந்த வாயுவைச் செலுத்தி ஆக்சிஜனை வெளியேற்றினால், உயிரினங்கள் மூச்சுத் திணறி இறக்கும், எஃகும் மெல்லத்தான் அரிக்கும். ஆனால் இது தொட்டி எப்போதும் மூடி, மந்த வாயுவால் நிரம்பி இருந்தால் மட்டுமே கிடைக்கும் பலன். நீர் இறங்கும்போது மேலிருந்து சாதாரணக் காற்று நுழைந்தால், ஈரமான சுவர் முழுவதும் புதிய ஆக்சிஜனைச் சந்திக்கும். ஆக்சிஜன் இருப்பதும் இல்லாததும் மாறி மாறி வருவது, எப்போதும் இருப்பதைவிடச் சில சமயம் மோசமானது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சல்பேட்டைக் குறைக்கும் பாக்டீரியாக்கள் வேறு செழிக்கும். அவை எஃகில் குழி குழியாக அரிப்பை உண்டாக்கும். எனவே விற்பனையாளரிடம் ஒரே கேள்வி கேளுங்கள். தொட்டி காலியாக இருக்கும் நாட்களிலும் உள்ளே ஆக்சிஜன் குறைவாகவே இருக்கும் என்பதற்கு உங்கள் அமைப்பில் என்ன ஏற்பாடு? அவர் பதிலிலேயே முடிவு தெரிந்துவிடும்.

கருவி பொருத்த உலர்துறைக்குப் போனோம். குழாய்களும் தாங்கிகளும் வெல்டிங் செய்ததில் தொட்டிப் பூச்சு பல இடங்களில் எரிந்துவிட்டது. அவசரத்தில் தூரிகையால் தொட்டுவிட்டுக் கப்பலை அனுப்பினோம். இது போதுமா?
— தொழில்நுட்பக் கண்காணிப்பாளர்

போதாது. மனம் விட்டு எழுதியதற்கு நன்றி. சுத்திகரிப்பு விதியால் தொட்டிப் பூச்சுக்கு நேர்ந்த மிகப் பெரிய சேதம் குளோரினால் வந்ததல்ல, கருவியைப் பொருத்திய வெல்டிங் தீயால் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். காலக்கெடு நெருங்க நெருங்க ஏராளமான கப்பல்கள் உலர்துறைகளில் வரிசையில் நின்றன. குழாய் வேலைக்கு நாட்கள் கிடைத்தன, பூச்சு வேலைக்கு மிச்சமிருந்த மணிநேரங்கள்தான் கிடைத்தன.

எரிந்த இடம் என்று நீங்கள் பார்த்தது ஒரு பக்கம் மட்டும். இயந்திர அறைப் பக்கத்திலிருந்து ஒரு தாங்கியை வெல்டிங் செய்தால், வெப்பம் தகட்டைக் கடந்து மறுபக்கத் தொட்டியின் பூச்சைக் கருக்கும். அந்தத் தொட்டி வேலைப் பட்டியலில் இருந்திருக்காது, அதனால் யாரும் அதைத் திறந்திருக்க மாட்டார்கள். புதிய தாங்கிகளின் வரைபடத்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மறுபக்கம் எந்தத் தொட்டி என்று குறித்து, அடுத்த வாய்ப்பில் அந்தத் தொட்டிகளைத் திறந்து பாருங்கள். முழுமையாகக் கருகிய வட்டத்தைச் சுற்றி, பார்வைக்கு நன்றாக இருந்தும் ஒட்டுதலை இழந்த ஒரு வளையம் இருக்கும். கத்தியால் சுரண்டினால் தெரியும். அதையும் எடுத்துவிட வேண்டும்.

திருத்தும் அளவுக்கு எம்.எஸ்.சி.215(82) ஒரு நல்ல வழிகாட்டி. அது புதுக்கப்பல் கட்டுமானத்துக்காக எழுதப்பட்டது என்றாலும், அதன் நியாயம் பழைய கப்பலுக்கும் பொருந்தும். சேதம் மொத்தப் பரப்பில் 2 சதவீதத்துக்குள் இருந்தால், எந்திரக் கருவிகளால் எஸ்.டி.3 என்ற சுத்தத் தரத்துக்குக் கொண்டுவரலாம். தொடர்ச்சியான சேதம் 25 சதுர மீட்டரையோ 2 சதவீதத்தையோ தாண்டினால், மணல்வீச்சு போன்ற பிளாஸ்டிங்கால் எஸ்.ஏ.2½ என்ற சுத்தத் தரம் வேண்டும். பழைய பூச்சின் விளிம்பைச் சாய்வாகத் தேய்த்து இழைக்க வேண்டும். செங்குத்தான விளிம்பின் மேல் புதுப்பூச்சு போட்டால் அங்கிருந்துதான் உரியும்.

கப்பலில் செய்யும் திருத்தத்தில் அதிகம் மறக்கப்படுவது உப்பு. ஏற்கெனவே கடல்நீர் நின்ற எஃகு அது. நன்னீரால் கழுவாமல் தேய்த்தால், உப்பை எஃகுக்குள் அழுத்தி வைத்ததாகத்தான் ஆகும். கழுவி, உலர்த்தி, அளந்து பார்த்த பிறகு பூசுங்கள். ஈரப்பதம் 85 சதவீதத்துக்குள்ளும், தகட்டின் வெப்பநிலை பனிப்புள்ளியைவிட (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட) குறைந்தது 3 டிகிரி அதிகமாகவும் இருக்கட்டும். கப்பல் மிதக்கும்போது வெளியே குளிர்ந்த நீர் இருந்தால் பக்கத் தகடு வியர்க்கும், அப்போது எந்த உயர்ந்த வர்ணமும் ஒட்டாது. இந்தக் காரணத்துக்காகவே, பக்கத் தகட்டுத் திருத்தத்தை உலர்துறையிலேயே முடியுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

இன்னொன்று, இறுகும் காலம். பொதுவான எபாக்சி 20 டிகிரியில் முழுமையாக இறுக ஏறத்தாழ ஒரு வாரம் எடுக்கும். குளிரில் இன்னும் நீளும். தொட்டுப் பார்த்து உலர்ந்துவிட்டது என்று சொல்லித் தொட்டியை நிரப்புவதும், அதிலும் குளோரின் கலந்த நீரால் நிரப்புவதும், முழுப்பூச்சு தாங்கும் தாக்குதலை அரைகுறைப் பூச்சின் மேல் ஏவுவதாகும். வர்ண நிறுவனத்திடம், இந்த வர்ணம் இந்த வெப்பநிலையில், இந்த டி.ஆர்.ஓ. உள்ள நீரில் எத்தனை நாளுக்குப் பிறகு மூழ்கலாம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாங்கியதைப் பூச்சுத் தொழில்நுட்பக் கோப்பில் சேருங்கள். கப்பல் கட்டிய நாளோடு அந்தக் கோப்பை மூடிவைக்கக் கூடாது. பராமரிப்பும் திருத்தமும் அதில் ஏற வேண்டும். சர்வேயர் தொட்டியை 'மோசம்' என்று குறித்துவிட்டால், அதன்பின் ஆண்டுதோறும் தொட்டியைத் திறந்து காட்ட வேண்டிவரும். இன்று மிச்சம் பிடிக்கும் ஒரு வாரத்தைவிட அது எவ்வளவு பெரிய செலவு என்று உங்களுக்கே தெரியும்.

என் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். தொட்டிக்குள் இறங்கி வர்ணம் பார்க்கச் சொல்கிறார்கள் என்று சொன்னான். இப்போது தண்ணீரில் மருந்து கலக்கிறார்களாமே, உள்ளே போவது ஆபத்தா?
— ஒரு தாய்

அம்மா, உங்கள் கவலை நியாயமானது. அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மருந்து கலப்பதற்கு முன்பிருந்தே பேலஸ்ட் தொட்டி ஆபத்தான இடம்தான். மூடிய தொட்டியில் துரு பிடிக்கும்போது அது காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே போகிறவருக்கு நாற்றமோ எச்சரிக்கையோ எதுவும் தெரியாமல் மயக்கம் வரும். பூச்சு கெட்ட தொட்டியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஆக்சிஜனை நீக்கும் கருவி உள்ள கப்பலில் தொட்டிக்குள் வேண்டுமென்றே ஆக்சிஜனைக் குறைத்திருப்பார்கள். குளோரின் வகைக் கருவியில் புரோமோஃபார்ம் போன்ற துணைப் பொருள்கள் உண்டாகும். அவை காற்றிலும் கலக்கும். ஆகவே காற்றோட்டம் முழுமையாக நடக்காமல் யாரும் இறங்கக் கூடாது.

இதற்குக் கண்டிப்பான விதிகள் இருக்கின்றன. 2015 ஜனவரி முதல், மூடிய இடங்களுக்குள் நுழைவதற்கும் அங்கிருந்து மீட்பதற்குமான பயிற்சி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கப்பலில் நடந்தாக வேண்டும். 2016 ஜூலை முதல் காற்றைச் சோதிக்கும் கைக்கருவி கப்பலில் இருந்தாக வேண்டும். உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள். நுழைவு அனுமதிச் சீட்டில் கையெழுத்து ஆகாமல் இறங்கக் கூடாது. மேலே, நடுவில், அடியில் என்று பல மட்டங்களில் ஆக்சிஜனை அளந்து, சாதாரணக் காற்றில் உள்ள 20.9 சதவீதம் காட்ட வேண்டும். மேன்ஹோல் வாசலில் ஒருவர் நிற்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், பதறி உடனே பின்னால் குதிக்கக் கூடாது. இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். காப்பாற்றப் போனவர்கள் இறந்த துயரங்கள் கப்பல் உலகில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. இவை ஒழுங்காக நடக்கவில்லை என்றால் இறங்க மறுக்க அவருக்கு உரிமை உண்டு. எந்தப் பூச்சும் ஒரு பையனின் மூச்சைவிடப் பெரியதல்ல.

கருவியை இயக்குவது என் பொறுப்பு. தொட்டிப் பூச்சைக் காக்க என் பக்கத்திலிருந்து என்ன செய்ய முடியும்?
— இரண்டாம் பொறியாளர்

நிறையச் செய்ய முடியும். பூச்சுக்காரர்களைவிட உங்கள் கையில்தான் அதிகம் இருக்கிறது.

டி.ஆர்.ஓ. உணர்வியில் தொடங்குங்கள். பல கருவிகளில் நிறமாற்றத்தால் அளக்கும் டி.பி.டி. என்ற வினைப்பொருளை வைத்துத்தான் அது வேலை செய்கிறது. அந்தக் குப்பியின் காலாவதித் தேதி கடந்துவிட்டால், அல்லது வெயிலில் கிடந்துவிட்டால், உண்மையான அளவைவிடக் குறைவாகக் காட்டும். குறைவு என்று நம்பிக் கருவி இன்னும் குளோரினைச் செலுத்தும். திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், தொட்டிக்குள் தேவைக்கு மேல் போய்க்கொண்டிருக்கும். கைச் சோதனைப் பெட்டியால் இடையிடையே ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெளியேற்றும்போது நீரை நடுநிலையாக்கும் சோடியம் தயோசல்பேட் அல்லது பைசல்பைட் வால்வு கசிந்து, நிரப்பும் பாதைக்குள் வந்துவிடாமல் பாருங்கள். சேற்று நீர்த் துறைமுகத்தில் வடிகட்டி அடைத்து, கருவியைத் தவிர்த்து நீரை நேராக உள்ளே விடவேண்டிய நிலை வந்தால், அப்படிச் செய்த நாளையும் தொட்டியையும் குறித்துவையுங்கள். அந்தத் தொட்டியில் சேறு இருக்கும். கடலில் அதை மாற்றிக் கழுவும்போது, அடிவரை உறிஞ்சி எடுத்தால்தான் பலன்.

அடுத்து நான் மிகவும் விரும்பிக் கேட்பது ஒன்று. பேலஸ்ட் நீர்ப் பதிவேடு உங்கள் மேசையில் இருக்கிறது. தொட்டி ஆய்வுப் படங்கள் சீஃப் ஆபீசரின் கணினியில் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்த கப்பல்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். எந்தத் தொட்டி, எந்த நாள், எத்தனை டி.ஆர்.ஓ., எவ்வளவு நாள் நீர் நின்றது என்பதற்குப் பக்கத்திலேயே அந்தத் தொட்டியின் படமும் இருந்தால், சீஃப் ஆபீசர் மேலே கேட்ட கேள்விக்கு யாரும் சண்டையிட வேண்டியதில்லை. பதில் ஏட்டிலேயே இருக்கும். மின்குளோரினுக்கு உப்பு போதாத துறைமுகங்களுக்காகப் பின்முனைத் தொட்டியில் கடல்நீரைச் சேமித்து வைப்பவர்கள், அந்தத் தொட்டியையும் இந்த ஏட்டில் சேர்க்க வேண்டும். எப்போதும் நிரம்பியிருப்பதால் அதை யாரும் பார்ப்பதில்லை.

அடுத்த முறை ஒரு தொட்டி காலியாகி, காற்றோட்டம் முடிந்து, அனுமதிச் சீட்டும் வந்த பிறகு, நீர் வரும் குழாய் வாயைச் சுற்றி மூன்று படம், தொலைவு மூலையில் மூன்று படம் எடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துக்கொள்ளுங்கள். எஃகுச் சட்டத்தின் எண்ணைச் சாக்பீஸால் தகட்டில் எழுதிவிட்டு எடுத்தால், ஆறு மாதம் கழித்து வேறொருவர் இறங்கினாலும் அதே இடத்தைக் கண்டுபிடிப்பார்.